திறப்பைக் கையளிக்கும் முன்: லண்டனில் வீடில்லாமல் கழிந்த மூன்று ஆண்டுகள்

2022 யூலை 15ஆம் திகதி, நான் குடியிருந்த வாடகை வீட்டின் திறப்பை வீட்டுக்காரரின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறினேன். நிலையான ஒரு வீட்டின் திறப்பு மீண்டும் என் கைக்கு வந்தது 2025 செப்டெம்பரில். இடையில் மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கழிந்தன. அந்த யூலை மாதத்தில் நான் வெளியேற வேண்டிய கட்டாயமே சட்டப்படி இருக்கவில்லை என்பது பல மாதங்களின் பின்னரே எனக்குத் தெரிந்தது. அதை முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை, நானும் வெட்கத்தினால் ஒருவரிடமும் கேட்கவில்லை. இதே நிலைமையில் இருக்கும் இன்னொரு தமிழ்க் குடும்பமாவது திறப்பைக் கொடுப்பதற்கு முன் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் கூறும் சட்டங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை வேறு.

அந்த வீட்டுக்கு நாங்கள் 2019 செப்டெம்பரில் குடிவந்தோம். வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்தவர், என் மாமாவுடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த அறிமுகத்தினாலேயே எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாத வாடகை 1,300 பவுண். அதில் 1,000 பவுணை வங்கியிலும் 300 பவுணைக் கையிலும் கேட்டார், கொடுத்தோம். முற்பணமாக இரண்டு மாத வாடகையான 2,600 பவுணைக் காசாகவே கொடுத்தோம். 2021இல் கணவரும் நானும் பிரிந்தோம். முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் பகுதிநேரமாக வேலை செய்தபடி, குறைந்த வருமானம் உள்ளோருக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிற் உதவியுடன் அந்த வாடகையை ஒரு மாதமும் தவறாமல் கட்டிவந்தேன். 2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்து, நான் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்த பின்னர், "தங்கச்சி, மகன் கலியாணம் செய்யப் போறான். வீடு தேவைப்படுது. யூலை நடுவிலை விட்டுத் தந்தியள் எண்டால் பெரிய உதவி" என்றார். இரண்டு நாள் கழித்து அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் "சரி அண்ணை" என்று பதில் எழுதினேன். அந்த இரண்டு சொற்கள் எனக்கு எவ்வளவு பாரமாகப் போகின்றன என்று அப்போது தெரியவில்லை.

வீட்டுக்காரர் வாயால் சொல்வதும் வாட்ஸ்அப்பில் எழுதுவதும் சட்டப்படியான நோட்டீஸ் ஆகாது. அக்காலத்தில் காரணம் கூறாமல் வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு 1988ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழ், உரிய படிவத்தில், இரண்டு மாத அவகாசத்துடன் எழுத்தில் அறிவித்தல் தர வேண்டும். முற்பணத்தை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் வைப்பிலிடாதவரும், எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழைத் தராதவரும் அந்த அறிவித்தலைச் செல்லுபடியாகத் தர முடியாது. என் வீட்டுக்காரர் இவற்றில் எதையும் செய்திருக்கவில்லை. 2019 யூன் 1 முதல் ஐந்து வார வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதே சட்டவிரோதம். எனக்கு அது 1,500 பவுண்தான், நான் கொடுத்ததோ அதைவிட 1,100 பவுண் அதிகம். உங்கள் முற்பணம் பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்பதை அந்த மூன்று திட்டங்களின் இணையத்தளங்களிலும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இன்று இரவே பாருங்கள். இப்போது சட்டமும் மாறுகிறது. 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் 21ஆம் பிரிவே இல்லாமற்போகிறது. அதன் பின் சட்டம் ஏற்கும் ஒரு காரணத்தைக் காட்டித்தான் கேட்க முடியும்; வீட்டை விற்க வேண்டும் என்றோ குடும்பத்தினருக்குத் தேவை என்றோ கேட்டால் நான்கு மாத அவகாசம் தர வேண்டும். சட்டம் மாறினாலும், ஊர்க்காரர் தேநீர் குடித்துவிட்டுக் கேட்கும்போது "சரி அண்ணை" என்று சொல்லும் எங்கள் பழக்கம் மாறாவிட்டால் இதே கதைதான் நடக்கும்.

2022 மே மாதம் முழுவதும் வீடு தேடினேன். முகவர்கள் எல்லோரும் மாத வாடகையின் 30 மடங்கு ஆண்டு வருமானமாக இருக்க வேண்டும் என்றார்கள். 1,500 பவுண் வாடகைக்கு 45,000 பவுண் வருமானம் வேண்டும், எனக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அரசு வழங்கும் வாடகை உதவியின் உச்சத் தொகை 2020 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்டு 2024 ஏப்ரல் வரை அசையாமல் இருந்தது, வாடகைகளோ ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு முகவர் மட்டும் பார்க்கலாம் என்று சொல்லி, வீட்டை வேறொருவருக்குக் கொடாமல் பிடித்து வைக்கும் பணமாக ஒரு வார வாடகையான 346 பவுணை வாங்கினார். பத்து நாள் கழித்து வருமானம் போதாது என்று மறுத்துவிட்டு, அந்தப் பணத்தையும் தரவில்லை. வருமானத்தை நான் முதல் நாளே உண்மையாகச் சொல்லியிருந்தபடியால் அதைத் திருப்பித் தர வேண்டியது அவர் கடமை. எனக்கு அது தெரியாது, எனவே கேட்கவில்லை. நீங்கள் எழுத்தில் கேளுங்கள். யூன் மாதத்தில் அம்மா கலியாணத்துக்குத் தந்த இரண்டு காப்புகளையும் விற்றேன்.

குறித்த திகதியில் வீட்டைத் துடைத்துச் சுத்தமாக்கித் திறப்பைக் கொடுத்தேன். முற்பணத்தில் 1,000 பவுணைத் தந்து, சுவருக்கு நிறம் பூச வேண்டும் என்று சொல்லி மிகுதியை வைத்துக்கொண்டார். சாமான்களை வாரம் 38 பவுணுக்கு ஒரு களஞ்சிய அறையில் போட்டுவிட்டு, ஒன்றுவிட்ட அக்காவின் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுடன் தங்கினேன். அக்கா அன்பானவர், அத்தானும் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனாலும் ஒரு சிறிய வீட்டில் ஏழு பேர் ஒரு குளியலறையைப் பயன்படுத்தும்போது யாருடைய அன்பும் தேய்ந்துதான் போகும். இரவில் அவர்கள் சமையலறையில் மெதுவாகக் கதைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது எங்களைப் பற்றித்தான் என்று நினைத்துக் குறுகிப்போவேன். அது வீடற்ற நிலைதான் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. தெருவில் படுப்பவர் மட்டுமே வீடற்றவர் என்று நினைத்திருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இருக்கும் இடத்தில் தொடர்ந்து இருப்பதற்கு உரிமை இல்லாதவர், உறவினர் வீட்டு சோபாவில் படுத்தாலும் வீடற்றவரே. 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வீடற்ற நிலை குறைப்புச் சட்டத்தின்படி, 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் ஆபத்து இருந்தாலே உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் உங்கள் விண்ணப்பத்தை ஏற்று, அந்த இழப்பைத் தடுக்க உதவ வேண்டும். மே மாதக் கடைசியிலேயே நான் கவுன்சிலுக்குப் போயிருக்கலாம். போனது ஓகஸ்ட் 30ஆம் திகதி, அத்தானின் பெற்றோர் ஊரிலிருந்து வருகிறார்கள் என்று அக்கா கண்கலங்கச் சொன்ன பிறகு.

முதல் கேள்வியே, "நீதிமன்றக் கட்டளை எங்கே?" என்பதுதான். இல்லை, வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அதிகாரி எதையோ தட்டச்சு செய்தார். பிள்ளைகள் இருப்பதால் அன்றிரவே ஒரு விடுதியில் ஓர் அறை தந்தார்கள். அங்கே பதினொரு வாரங்கள் இருந்தோம். குடும்பங்களை அப்படியான விடுதியில் ஆறு வாரங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2004 ஏப்ரலிலிருந்தே விதி இருக்கிறது. ஆறாவது வாரம் முடிந்தவுடன் அந்த விதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதினால் வேகம் பிறக்கும். நான் எழுதவில்லை. அறையில் இரண்டு கட்டில்கள், ஒரு கேத்தில், துணி தேய்க்கும் ஒரு பலகை. அந்தப் பலகையைத் தாழ்த்தி வைத்துத்தான் அப்போது பதினொரு வயதான மூத்தவள் வீட்டுப்பாடம் செய்தாள். சமைக்கத் தடை. கடைச் சாப்பாட்டுக்கு வாரத்துக்கு 120 பவுண் அதிகமாகப் போயிற்று. மூன்றாவது வாரம் களஞ்சியத்திலிருந்து றைஸ் குக்கரை எடுத்துவந்து, பகலில் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் ஒளித்து, இரவில் குளியலறையின் காற்றாடியைப் போட்டுவிட்டு, அங்கே சோறும் பருப்பும் அவித்தேன். ஆவி மணம் வெளியே போய்விடுமோ என்ற பயத்தில் கதவின் அடியில் ஈரத்துவாய் வைப்பேன். ஆறு வயதான சின்னவள் நடைபாதையில் யாராவது போனால் தானாகவே மௌனமாகிவிடுவாள். இன்றும் அவள் சிலவேளை அப்படிச் செய்கிறாள்.

நவம்பர் 3ஆம் திகதி கடிதம் வந்தது. என் ஆங்கிலம் வேலைத்தலத்துக்குப் போதும், அந்தக் கடிதத்துக்குப் போதவில்லை. மூத்தவள்தான் வாசித்தாள். வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்று, "அம்மா, நீங்கள் வேணுமெண்டே வீட்டை விட்டனீங்கள் எண்டு எழுதியிருக்கினம்" என்றாள். நான் வேண்டுமென்றே வீடற்றவளானேன் என்பது கவுன்சிலின் முடிவு. அப்படி முடிவானால் நிலையான வீடு தரும் முழுக் கடமை அவர்களுக்கு இல்லை, சில வாரங்களில் விடுதியையும் விட வேண்டும். அன்றிரவு நான் அழவில்லை, உடம்பு முழுவதும் மரத்துப்போனது போல இருந்தது. இப்படியான கடிதங்களைப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுக்காதீர்கள் என்பதை இங்கே மன்றாடிக் கேட்கிறேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுன்சிலிடமே கேட்கலாம். என் பிள்ளையின் குரலில் அந்த வசனத்தைக் கேட்டதை நானும் மறக்கப்போவதில்லை, வாசித்ததை அவளும் மறக்கப்போவதில்லை.

அடுத்த நாள் நூலகத்தில் அச்சுப்பிரதி எடுக்கப் போனபோது, அங்கு பணிபுரிந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இலவசச் சட்ட நிலையம் ஒன்றின் முகவரியை எழுதித் தந்தார். அங்கிருந்த ஆலோசகர் கடிதத்தின் திகதியைத்தான் முதலில் பார்த்தார். முடிவு கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் மீளாய்வு கேட்க வேண்டும், தவறினால் வழி அடைபட்டுவிடும் என்று சொல்லி, அன்றே கோரிக்கையை எழுதினார். 1996ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: முக்கியமான ஓர் உண்மையை அறியாமல், நல்லெண்ணத்துடன் ஒருவர் செய்ததை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ள முடியாது. என் முற்பணம் பாதுகாக்கப்படவில்லை என்பதும் எனக்குத் தரப்பட்டது நோட்டீஸே அல்ல என்பதும் எனக்குத் தெரியாது. அந்த அறியாமையை நிரூபிக்க, அதுவரை எனக்கு அவமானமாகத் தெரிந்த வாட்ஸ்அப் உரையாடலே உதவியது. 2023 சனவரியில் முடிவு மாற்றப்பட்டு, கவுன்சில் முழுக் கடமையையும் ஏற்றது. மீளாய்விலும் தோற்றால், சட்டப் பிழை இருக்கும் பட்சத்தில் இன்னும் 21 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றம் போகலாம். இந்தக் கட்டங்களில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரச சட்ட உதவியும் உண்டு. முறையான நோட்டீஸ் வந்தால்கூட உடனே வெளியேற வேண்டியதில்லை. வீட்டுக்காரர் நீதிமன்றக் கட்டளை பெற்று, அதன் பின் நீதிமன்ற அலுவலர் வந்துதான் உங்களை வெளியேற்ற முடியும். பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தை வெட்டுவதும் குற்றம். நகர வேண்டும் என்று நினைத்தால் முதலில் ஆலோசகரிடமும் கவுன்சிலிடமும் எழுத்தில் கேட்டுவிட்டு நகருங்கள்.

மீளாய்வு நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் நடுப்பகுதியில், பள்ளிக்கூடத்திலிருந்து பதினான்கு மைல் தூரத்தில் ஒரு தற்காலிக வீடு தந்தார்கள். சின்னதாக இருந்தாலும் சமையலறை இருந்தது. பிள்ளைகள் காலை ஐந்தேமுக்காலுக்கு எழும்பி இரண்டு பேருந்தும் ஒரு ரயிலும் பிடித்தார்கள். முழுக் கடமையின் கீழ் தரப்படும் வீடு பொருத்தமற்றது என்று நினைத்தாலும் மறுத்துவிட வேண்டாம். மறுத்தால் கடமை முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஏற்றுக்கொண்டு, அதே 21 நாட்களுக்குள் மீளாய்வு கேளுங்கள். அடுத்த பிழையை இங்கேதான் செய்தேன். தற்காலிக வீட்டின் வாடகைக்கு யூனிவர்சல் கிரெடிற்றில் உதவி கிடையாது, கவுன்சிலிடம் தனியாக ஹவுசிங் பெனிபிற் என்ற வாடகை உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் யூனிவர்சல் கிரெடிற் கணக்கில் புதிய முகவரியைப் பதிந்துவிட்டு எல்லாம் நடக்கும் என்று இருந்துவிட்டேன். வாரம் 230 பவுண் வாடகை மூன்று மாதங்களாக ஏறிக்கொண்டே போனது. பின்னர் விண்ணப்பித்தபோது ஒரு மாதத்துக்குத்தான் முன்தேதியிட்டுத் தந்தார்கள். 2,070 பவுண் கடனாக நின்றது. வாரம் பத்துப் பவுண் வீதம் அதை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மூன்று மாதங்களில் நான் கடிதங்களைத் திறப்பதையே நிறுத்தியிருந்தேன். மண்ணிற உறைகள் வரும்போது நெஞ்சு படபடக்கும், எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவிடுவேன். பெப்ரவரியில் ஆதரவுப் பணியாளர் ஒருவர் வரத் தொடங்கினார். கவுன்சிலின் நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியவர், வியாழன்தோறும் ஒரு மணி நேரம் வருவார். முதல் நாள் அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்த 37 உறைகளையும் தரையில் பரப்பி, நான் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, உடனே பதில் போட வேண்டியவை, காத்திருக்கக்கூடியவை, எறியக்கூடியவை என்று மூன்று குவியல்களாக வைத்தார். எறியக்கூடிய குவியல்தான் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்தபோது பல மாதங்களின் பின் எனக்கு மூச்சு வந்தது. ஹவுசிங் பெனிபிற் விண்ணப்பம், கடன் தவணை, மனநல ஆலோசனைக்கு டொக்டரிடம் பரிந்துரை, எல்லாவற்றுக்கும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தொலைபேசியில் காத்திருந்தார். முற்பண விடயத்தைத் தொடக்கி வைத்தவரும் அவரே. பாதுகாக்கப்படாத முற்பணத்துக்காக, வீட்டை விட்ட பின்பும், ஆறு ஆண்டுகள் வரை, அந்தத் தொகையின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு கோரலாம். "2600 கிடைச்சது தங்கச்சி" என்று வீட்டுக்காரர் 2019இல் அனுப்பிய ஒரு வரிச் செய்தியை வைத்துச் சட்ட நிலையம் வழக்குப் போடுமுன் எழுதிய முன்னறிவிப்புக் கடிதத்திலேயே மிகுதி 1,600 பவுணும், மேலே ஒரு 2,600 பவுணும் கிடைத்தன. இதற்காக ஊர்க்காரர் சிலர் என்னுடன் கதைப்பதில்லை. கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அது வலிக்கிறது, ஆனாலும் நான் அதைச் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

அந்தப் பணியாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அவரால் ஒன்றைத் தர முடியவில்லை, கட்டக்கூடிய வாடகையில் ஒரு வீடு. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 இலட்சம் கவுன்சில் வீடுகள் குடியிருந்தோருக்கு விற்கப்பட்டன, அவற்றுக்கு ஈடாகப் புதியவை கட்டப்படவில்லை. இன்று கவுன்சிலும் வீடமைப்புச் சங்கங்களும் குறைந்த வாடகைக்குத் தரும் சமூக வீட்டுக்கான பட்டியலில் 13 இலட்சம் குடும்பங்கள் காத்திருக்கின்றன. 2025இல் தற்காலிக இருப்பிடங்களில் மட்டும் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இருந்தன. எங்களை வைத்திருந்த விடுதிக்குக் கொடுத்த பணத்தில் எத்தனை மாத வாடகையைக் கட்டியிருக்கலாம் என்று நான் பல இரவுகள் கணக்குப் பார்த்திருக்கிறேன். பின்லாந்து 2008இல் தொடங்கிய திட்டத்தில் வீடற்றோர் இரவில் தங்கும் விடுதிகளையே தனித்தனி வீடுகளாக மாற்றி, முதலில் வாடகை ஒப்பந்தத்துடன் வீட்டைக் கொடுத்து, உதவியாளரையும் கூடவே அனுப்பியது. அங்கே நீண்டகாலம் வீடற்றிருந்தோர் தொகை பெருமளவு குறைந்தது. வீடும் ஆளும் ஒன்றாக வர வேண்டும் என்பதை அனுபவித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். எனக்கு ஆள் முதலில் வந்தார், வீடு வர இன்னும் இரண்டரை ஆண்டுகள் எடுத்தது.

அந்த இரண்டரை ஆண்டுகளும் ஒவ்வொரு வாரமும் கவுன்சிலின் இணையத்தளத்தில் வீடுகளுக்கு விருப்பம் பதிந்தேன். ஒரு வாரமும் தவறவிட வேண்டாம், வாடகைக் கடன் இருந்தால் தவணைத் திட்டத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பல கவுன்சில்கள் விண்ணப்பத்தை நிறுத்திவிடும். தனி ஆட்களுக்கு இந்த வழி இன்னும் கடினம், நோய், வயது போன்றவை காரணமாகப் பாதிப்புக்குள்ளாகக் கூடியவர் என்று காட்டினால்தான் பெரும்பாலும் இடம் தருவார்கள் என்பதால் டொக்டரின் கடிதத்தை முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் படுத்திருக்கும் ஒருவரைக் கண்டால் அப்படியானவர்களை உதவி அமைப்புகளுடன் இணைக்கும் ஸ்ட்ரீட்லிங்க் சேவை மூலம் அறிவிக்கலாம். அரச உதவி பெற முடியாத விசாவில் பிள்ளைகளுடன் இருப்போர், 1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் சமூக சேவைப் பகுதியை அணுகலாம், அதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஷெல்டர் தொண்டு நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

2025 செப்டெம்பரில் ஒரு வீடமைப்புச் சங்கத்தின் இரண்டு அறை வீடு கிடைத்தது. வாரம் 138 பவுண், அதே தெருவில் தனியார் வாடகை மாதம் 1,900 பவுண். சமூக வீடுகளைப் பெரும்பாலும் வெறுமையாகவே தருவார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. தரைவிரிப்பு இல்லை, திரைச்சீலை இல்லை, அடுப்பு இல்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாளிலேயே கவுன்சிலின் உள்ளூர் நலநிதிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். எங்கள் பணியாளர், நாங்கள் வீடு மாறிய பின்னும் ஆறு மாதங்கள் வருவதாகச் சொல்லி, அடுப்புக்கான விண்ணப்பத்தைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தே நிரப்பினார். அடுப்பு வர ஒன்பது நாட்கள் எடுத்தன. அதுவரை விடுதி அலுமாரிக்குள் துவாயில் சுற்றி வைத்திருந்த அதே றைஸ் குக்கரில்தான், யன்னலைத் திறந்து வைத்து, சோறு சமைத்தோம்.